ஒப்புக்கொண்டானாமே, இன்னும் ஏன் நகை வரவில்லை?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பொங்கலுக்கு ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் திரும்பினால் பின்கதவு பெயர்ந்து கிடக்கிறது, பீரோ திறந்து கிடக்கிறது, 11 பவுன் போய்விட்டது. பதற்றத்தில் மனைவி இறைந்து கிடந்த துணிகளை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். பிறகுதான் போலீஸுக்குப் போன். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 331(4) (இரவில் வீடு உடைத்தல்), 305 (வீட்டில் திருட்டு) என்று பிரிவு. மறுநாள் கைரேகைக்காரர்கள் வந்து பவுடர் தூவினார்கள். மோப்ப நாய் ராயக்கோட்டை சாலை வரை ஓடி நின்றுவிட்டது. எதிர்க்கடை கேமராவை 12 நாள் கழித்துத்தான் பார்த்தார்கள், பதிவு அழிந்திருந்தது. அவரிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டவர்கள் கையெழுத்தே வாங்கவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது: கிருஷ்ணகிரி பக்கம் வேறொரு வழக்கில் பிடிபட்டவன் "உங்க வீட்டையும் ஒத்துக்கிட்டான்". மீட்டது 3 பவுன் சங்கிலி ஒன்றுதான். அதுவும் கோர்ட்டில் இருக்கிறதாம்.

இதற்கு நடுவில் இன்னொரு கோபம். கணவனும் மனைவியும் தினமும் இரவு ஒன்பது மணிக்கு டி.வி.யில் துப்பறியும் தொடர் பார்ப்பவர்கள். "45 நிமிஷத்தில் ரேகை, டி.என்.ஏ., செல்போன் டவர், ஒப்புதல் எல்லாம் முடிகிறது. முன்பு ரசித்தேன். இப்போது டி.வி.யைப் பார்த்துக் கத்துகிறேன். பொய் சொல்வது தொடரா, போலீஸா?" என்று கேட்கிறார். மருமகன் சி.பி.ஐ. விசாரணை கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம் என்கிறார். பிடிபட்டவனின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போடவும், சிறைக்குப் போய் நேரில் கேட்கவும் யோசனை இருக்கிறது. சேனல் மீது புகார் கொடுக்க முடியுமா என்பது கடைசிக் கேள்வி.

ஐயா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதி தொடர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த தவறான சட்டத்திலிருந்து வருகிறது. இரண்டையும் பிரித்துவிட்டால், எதை விட்டுவிடலாம், எதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

தொடரை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது 42 முதல் 45 நிமிடம். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்பும் ஒரு திருப்பம் வைத்தாக வேண்டும். அதனால்தான் பாதிக் கதையில் பிடிபடுகிறவன் எப்போதும் நிரபராதி. ஆரம்பத்தில் இரண்டு வரி பேசிவிட்டுப் போகும் தெரிந்த முகம்தான் கடைசியில் குற்றவாளி. முதல் பத்து நிமிடத்திலேயே ஆளைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், இதுதான் காரணம். மறுஒளிபரப்பில் எந்த நாள் எந்தப் பகுதியைப் போட்டாலும் புரிய வேண்டும் என்பதால், அன்றைய குற்றம் அன்றே முடிய வேண்டும். நீதிமன்றத்தில் நிரூபிக்க அங்கே நேரம் கிடையாது. ஆகவே குற்றவாளி கடைசி மூன்று நிமிடத்தில் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறான். நிஜத்தில் ரத்தம், நஞ்சு, துப்பாக்கி, ஆவணம் எல்லாம் ஆய்வகத்தில் தனித்தனிப் பிரிவு, தனித்தனி வரிசை. தொடரில் ஒரே ஆள் அத்தனையும் பார்த்து, ஜீப்பில் ஏறிக் கைது செய்யவும் போகிறார்.

அமெரிக்காவில் 2000-ல் சி.எஸ்.ஐ. என்ற தடயவியல் தொடர் தொடங்கிய பிறகு, எல்லா வழக்கிலும் ஆய்வகச் சான்றை ஜூரிகள் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) எதிர்பார்க்கிறார்கள் என்ற பேச்சு அங்கே எழுந்தது. அதற்கு 'சி.எஸ்.ஐ. விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். நம்மிடம் ஜூரி கிடையாது. அந்த விளைவு இங்கே புகார்தாரர் தலையில் வந்து விழுகிறது. (நம் நீதிபதிகள் மேஜையில் மரச் சுத்தியலும் கிடையாது. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.)

ஒப்புக்கொண்டான் என்றால் என்ன?

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் "அவனே ஒப்புக்கொண்ட பிறகு என்ன விசாரணை" என்று வருகிறது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ன் சாட்சியச் சட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அதே விதி 23-ஆம் பிரிவாக இருக்கிறது. அடித்து வாங்கலாம், ஆசைகாட்டி வாங்கலாம், கணக்கு முடிக்க அடுத்தவன் செய்ததையும் இவன் தலையில் கட்டலாம் என்பதுதான் விதியின் காரணம். ஆள் மாற்றிக் கட்டினால் உங்கள் வீட்டை உண்மையில் உடைத்தவன் வெளியே திரிவான். அந்த வகையில் இந்த விதி உங்களையும் காக்கிறது.

ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் புதிதாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்பைத் தொடும் துண்டு மட்டும் சாட்சியமாகும். "பாலக்கோட்டில் திருடிய சங்கிலியை இன்ன அடகுக் கடையில் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்" என்று அவன் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். "அடகுக் கடையில் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்" உள்ளே வரும். "திருடிய" வராது. 1946-ல் புலுகுரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) போட்ட கோடு இது, இன்றுவரை அழியவில்லை. கடை போலீஸுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் அந்தத் துண்டும் போச்சு. ஆக, உங்கள் வழக்கின் முதுகெலும்பு அவன் வாய் அல்ல, அந்த 3 பவுன் சங்கிலியும் அதைக் கைப்பற்றியபோது எழுதிய மகசரும்தான். மகசரில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து, கைப்பற்றுதலின் வீடியோ இரண்டும் இருக்க வேண்டும். வீடியோவைப் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது.

திருட்டு நடந்த சூட்டோடு ஒருவன் கையில் பொருள் கிடைத்தால், அவன் திருடன் அல்லது தெரிந்தே வாங்கியவன் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆனால் 'சூட்டோடு' என்பது முக்கியம். இடையில் மாதங்கள் ஓடிவிட்டால் அந்த அனுமானம் மெலிந்துகொண்டே போகும்.

உண்மை அறியும் ஊசி ஏன் போடவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: நார்கோ, பொய் அறியும் கருவி, மூளை வரைபடம் எதையும் ஒருவர் சம்மதமின்றிச் செய்யக் கூடாது. சம்மதித்துச் செய்தாலும் ஊசி மயக்கத்தில் சொன்னது நேரடிச் சாட்சியமாகாது.

போலீஸ் தவறென்று நீங்கள் நினைப்பதில் தவறு இல்லாதவை

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்காததைப் பெரிய சதியாக எழுதியிருக்கிறீர்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. புகார் மனுவில் கையெழுத்து வேண்டும். அதன் பிறகு விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 181-ஆம் பிரிவு தடுக்கிறது. பின்னாளில் கூண்டில் நிற்கும்போது அந்தத் தாள் உங்களைக் கட்டிப்போடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது.

மோப்ப நாய் சாலையில் நின்றது என்றால், வந்தவர்கள் அங்கே வண்டி ஏறியிருக்கலாம். அங்கிருந்து ராயக்கோட்டை, ஓசூர் தாண்டினால் கர்நாடக எல்லை. நாய் காட்டும் வழி விசாரணைக்கு உதவும். அதைப் பெரிய சாட்சியமாக எடுக்க வேண்டியதில்லை என்று 2001-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

டவர் லொகேஷன் என்பதும் தொடரில் காட்டுவதுபோல வீட்டு வாசலில் சிவப்புப் புள்ளியாகத் துடிக்காது. அழைப்புப் பதிவு காட்டுவது எந்த டவர், எந்தத் திசை என்பதை மட்டும். டவர் அடர்த்தி குறைந்த நம் கிராமப் பக்கங்களில் ஒரே டவருக்குள் பல ஊர் அடங்கும். அதைக் கேட்டு வாங்குவதும் எஸ்.பி. மட்டத்தில் நடக்கிற வேலை, ஸ்டேஷனில் கம்ப்யூட்டரைத் தட்டினால் வராது. ஒரே ஆறுதல், நிறுவனங்கள் அந்தப் பதிவை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கைரேகைக்கு வருவோம். பெயர்ந்த மரக்கதவு, செங்கல் சுவர் போன்ற சொரசொரப்பில் ரேகை தேறாது. பீரோவின் பெயின்ட், கண்ணாடி, எவர்சில்வர் டப்பா, இவைதான் பிடிக்கும் இடங்கள். அந்த பீரோவைத்தான் உங்கள் வீட்டம்மா துணி அடுக்கித் துடைத்துவிட்டார். அதற்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், எந்த வீட்டிலும் முதலில் நடப்பது அதுதான். கிடைத்த ரேகையைக் கம்ப்யூட்டரில் போட்டால் போட்டோ பளிச்சென்று வராது. ஒத்துப்போகக்கூடியவர்களின் பட்டியல் வரும்; அதை நிபுணர் ஒவ்வொன்றாக லென்ஸில் ஒப்பிட்டு எழுதுவார். முன்பு பிடிபட்டு ரேகை பதியாதவனாக இருந்தால் பட்டியலில் இருக்கவே மாட்டான். "பொருத்தம் இல்லை" என்று போலீஸ் சொன்னது அந்தத் தேதிக்கு மட்டும் உண்மை. இப்போது ஆள் கையில் இருக்கிறான். உங்கள் வீட்டில் எடுத்த சான்ஸ் பிரிண்ட்டை (சம்பவ இடத்தில் கிடைத்த ரேகையை) அவன் விரலோடு நேராக ஒப்பிட்டார்களா? ஐந்து மாதத்தில் நீங்கள் கேட்க வேண்டியிருந்த கேள்விகளில் இதுதான் முதன்மையானது.

உண்மையிலேயே கேட்க வேண்டியவை

கேமரா விஷயத்தில் உங்கள் கோபம் சரி. கணக்கைப் பாருங்கள். இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால், நாளுக்குச் சுமார் 21.6 ஜி.பி. நான்கு கேமரா என்றால் 86. கடைகளில் சாதாரணமாக மாட்டியிருக்கும் ஒரு டெராபைட் டிஸ்க் 11 அல்லது 12 நாளில் நிரம்பி, பழையதன் மேல் எழுதத் தொடங்கும். 12-ஆம் நாள் போனவர்களுக்கு என்ன கிடைக்கும்? அந்தப் பதிவு இனித் திரும்பாது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதல் நாளே கடைக்காரரிடம் பேசி டிஸ்க்கைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கேமரா பதிவுக் கருவியான டி.வி.ஆரின் கடிகாரம் செல்போன் நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் முன்னே பின்னே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரையைச் செல்போனில் படம்பிடித்து வைத்தால் பிறகு தகராறுதான். சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி கருவிக்காரர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திட்ட சான்றிதழ் சேர்ந்தால்தான் மின்னணுப் பதிவு நிற்கும்.

அடுத்தது தகவல். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 193(3) சொல்கிறது. எஸ்.எம்.எஸ்., மெயில் எதில் வேண்டுமானாலும் சொல்லலாம். உங்களுக்கு 150 நாள் ஆகியும் வந்தது ஒரு போன் மட்டும். இன்ஸ்பெக்டரின் நடத்தையைக் குறைசொல்லும் மனுவை ஒதுக்கிவையுங்கள். இந்த ஒரு பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு ஸ்டேஷனுக்கு, நகல் உட்கோட்ட டி.எஸ்.பி.க்கு. எஃப்.ஐ.ஆர். எண் போட்டு இவ்வளவு கேட்டால் போதும்: சான்ஸ் பிரிண்ட் ஒப்பிடப்பட்டதா? பிடிபட்டவனை நம் வழக்கில் முறைப்படி கைது காட்டினார்களா? சங்கிலி எந்த நீதிமன்றத்தில், என்ன சொத்து எண்ணில் இருக்கிறது? மீதி 8 பவுனை வாங்கியவர் அல்லது அடகு பிடித்தவர் யாரென்று விசாரிக்கப்பட்டதா?

இரண்டாவது கேள்வி உங்களுக்குப் புதிதாக இருக்கும். வேறு வழக்கில் சிறையில் இருப்பவனை நம் வழக்குக்குக் கொண்டுவர பி.டி. வாரண்ட் (சிறையிலிருந்து அழைத்துவரும் உத்தரவு) வாங்கி நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். அது நடக்காவிட்டால், அவன் 'ஒத்துக்கிட்டது' கிருஷ்ணகிரிக் கோப்பில் ஒரு வரியாக உறங்கும், உங்கள் எஃப்.ஐ.ஆரில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) இன்னும் 'அடையாளம் தெரியாத நபர்'தான்.

331(4)-ல் திருட்டு நோக்கம் இருந்தால் தண்டனை 14 ஆண்டு வரை போகும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 176(3) சொல்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசம் இருப்பதால், இதை வைத்து மட்டும் சண்டை போட வேண்டாம்.

அந்த 3 பவுனை இப்போதே கேட்கலாம்

வழக்கு முடிந்தால்தான் நகை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தேவையில்லை. சங்கிலி இருக்கும் நீதிமன்றத்தில் நடைமுறைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவின்படி இடைக்காலப் பொறுப்பு கேட்டு மனு போடலாம். கைப்பற்றிய பொருள் வந்து சேர்ந்த 14 நாளுக்குள் நடுவர் அதை விவரித்துப் பட்டியல் எழுத வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் என்ன செய்வதென்று உத்தரவிட வேண்டும் என்று புதிய சட்டம் நாள் கணக்கே போட்டிருக்கிறது. நகையைப் பெட்டகத்தில் பூட்டிவைக்காமல் உரியவரிடம் கொடுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியாயிற்று. பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, உருக்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. கேட்ட நாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

நகை உங்களுடையதுதான் என்பதற்கு ரசீது இல்லை என்று வருந்துகிறீர்கள். 20 வருஷத்து நகைக்கு யாரிடம் ரசீது இருக்கிறது? இவற்றைத் தேடுங்கள்:

கல்யாண ஆல்பத்திலும் வீட்டு விசேஷங்களிலும் அந்தச் சங்கிலி தெளிவாகத் தெரியும் போட்டோ.

எப்போதாவது கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்திருந்தால் அந்த நகைக்கடன் அட்டை. மதிப்பீட்டாளர் எழுதிய நிகர எடை கிராம் கணக்கில் அதில் இருக்கும். ரசீதைவிட இது உறுதியானது.

புதிதாக வாங்கியது என்றால் ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் அது இல்லாமல் விற்கக் கூடாது.

கொக்கி மாற்றியது, ஒரு கண்ணி பற்றவைத்தது போன்ற அடையாளங்களை அம்மா தன் நினைவிலிருந்து இப்போதே தேதி போட்டு எழுதிவைப்பது.

கடைசியதை நகையைப் பார்ப்பதற்கு முன்பு செய்ய வேண்டும். பார்த்த பிறகு எழுதினால் குறுக்கு விசாரணையில் அதுவே உங்களைக் கடிக்கும்.

செய்யக் கூடாதவை

அவன் போட்டோவை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அக்கம்பக்கத்தில் யாராவது அந்த இரவில் அந்நியரைப் பார்த்திருந்தால், நாளை அடையாள அணிவகுப்பில் அவர்தான் சாட்சி. "குரூப்பில் போட்டோ பார்த்தேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சாட்சியம் அங்கேயே முடிந்தது. சிறைக்குப் போய்ப் பேசவும் வேண்டாம். "நகையைக் கொடுத்தால் வழக்கை விட்டுவிடுகிறோம்" என்று நீங்கள் பேரம் பேசியதாக எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது.

சி.பி.ஐ. கோரிக்கையை மருமகன் மறந்துவிடலாம். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றும் அதிகாரத்தை நீதிமன்றங்கள் அபூர்வமான வழக்குகளில் மட்டும், மிகச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று 2010-ல் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. கடிதத்துக்கு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் எஸ்.பி.யிடம் எழுத்தில் மனு, அதற்கும் அசைவில்லை என்றால் உங்கள் பகுதி குற்றவியல் நடுவரிடம் நடைமுறைச் சட்டத்தின் 175(3)-ன் கீழ் மனு. இந்தப் படியைத் தாண்டி நேராக உயர் நீதிமன்றம் போனால், "முதலில் நடுவரிடம் போனீர்களா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் மனு சுற்றிவந்து அதே ஸ்டேஷனுக்குத்தான் போகும்.

'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று வழக்கை முடிக்கப்போவதாக ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தால் மட்டும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். நடுவர் அதை ஏற்பதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். எதிர்ப்பு மனு போட உங்களுக்கு உரிமை உண்டு. முடித்த வழக்கையும் புதுத் தடயம் கிடைத்தால் மேல் விசாரணைக்கு எடுக்க முடியும். வக்கீல் செலவு யோசனை என்றால் மனுவை அம்மா பெயரில் போடுங்கள், நகை அவருடையதுதானே. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தர்மபுரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

சேனல் மீது புகார் கொடுக்க வழி இருக்கிறது. 2021-ல் திருத்திய கேபிள் டி.வி. விதிகளின்படி சேனலுக்கு எழுதினால் 15 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்த விதிகள் பார்ப்பது ஆபாசம், அவதூறு, வன்முறையைத் தூண்டுவது போன்றவற்றை. கற்பனைத் தொடரில் ரேகை முடிவு ஐந்து நிமிடத்தில் வந்தது விதிமீறல் ஆகாது. அந்தத் தபால் செலவை ஸ்டேஷனுக்கு எழுதும் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொடரை நிறுத்தச் சொல்கிறார் என்று அம்மாவோடு சண்டையும் வேண்டாம். ஒரே வழக்கைப் பத்துப் பகுதிக்கு நீட்டி, நடுவில் தவறான ஆளைப் பிடித்து, ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கும் தொடர்களும் இப்போது வருகின்றன. உங்கள் மனநிலைக்கு அவை கொஞ்சம் பொருந்தும்.

கடிதத்தோடு எஃப்.ஐ.ஆர். நகலை இணைக்கவில்லை. அதை இலவசமாகப் பெறும் உரிமை நடைமுறைச் சட்டத்தின் 173(2)-ல் இருக்கிறது. கையில் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். பிரிவு 331(4)-ஆ (இரவில் உடைத்ததற்கு), 331(3)-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆள் இல்லாத மூன்று நாளில் உடைத்தது இரவா பகலா என்பதை எதை வைத்து எழுதினார்கள் என்பது விசாரணையில் நிச்சயம் கேட்கப்படும். நீங்கள் கதவைப் பூட்டிய நேரம், பால்காரர் கடைசியாக வந்த நேரம், பக்கத்து வீட்டார் சத்தம் கேட்டார்களா என்பது, எல்லாம் நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.